உள்ளே விழுந்த பந்து

ஈஜோக்
22 ஜூன் 2025

துளசிக்கு,

வெளியே போகிற பந்தையும் நீ அடித்தாய். அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

பள்ளி விடுமுறைக்கு நீ வந்திருந்த இரண்டாம் நாள் சாயங்காலம். நம் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் பிள்ளைகள் சிலிப்பரால் மண்ணில் கோடு கிழித்துப் பூப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நீயும் சேர்ந்துகொண்டாய். நான் வீட்டு ஓரத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உன் பக்கம் வரவில்லை. பவனேஷ் அடித்த பந்து கோட்டைத் தாண்டி, சாக்கடைப் பக்கம் போனது. நீ பின்னாலேயே ஓடி எட்டி அடித்தாய். அடுத்ததும் வெளியே போனது, அதையும் அடித்தாய். "அக்கா, அவுட்டு லா அது" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த துளசி இப்படி இல்லை. வெளியே போகும் பந்து என்றால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அது விழுந்து புள்ளி தானாக வரும்வரை பெரிய ராணி மாதிரி நிற்பாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரமாக உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உன் அம்மா வள்ளியம்மா அத்தையிடம் முகவரி வாங்கினேன். விடுதியில் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பொதுத் தொலைபேசியில் பேசலாம் என்றார். பேசுகிற தைரியம் எனக்கு எப்படியும் இல்லை. எழுதினால் நடுவில் நிறுத்தி யோசிக்கலாம்.

மூன்றாம் படிவத்தோடு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியது உனக்குத் தெரியும். இப்போது லீலாவதி அக்காவின் பூப்பந்து மண்டபத்தில் வேலை செய்கிறேன். முன்பு ரப்பர் கிடங்காக இருந்ததே, அந்தத் தகரக் கட்டடம்தான். ஆறு கோர்ட். தரை துடைப்பேன், யாருக்கு எந்த நேரம் என்று பதிவு செய்வேன். பகலில் ஒருவரும் வரமாட்டார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி போனால் கூரை அதிரும், பிறகு மறுபடியும் அமைதி. சில நாள் ஒரு மட்டையை எடுத்துப் பந்தை எதிர்ப்பக்கம் அனுப்புவேன். தனியாக அடித்தால் பந்து திரும்பி வராது. நானே சுற்றிப் போய் எடுத்து வருவேன்.

சாயங்காலம் ஆட்கள் வந்த பிறகு முகப்பில் உட்கார்ந்து அவர்களைப் பார்ப்பேன். யாரும் என்னைப் பார்ப்பதில்லை, அதனால் நன்றாகப் பார்க்க முடிகிறது. பந்தைத் தவறவிட்டவர் முதலில் தன் மட்டையின் நரம்பைத்தான் பார்க்கிறார், அது ஏதோ ஓட்டையாகிவிட்டதுபோல. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணி சன்னாசி மாமா தோற்கும்போதெல்லாம், எதிராளி அடித்தது கோட்டுக்கு வெளியே என்று சண்டை போடுவார். பொய் சொல்கிறார் என்றுதான் முன்பு நினைத்தேன். ஆனால் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது அதே இடத்தில் விழுந்தால், உள்ளே என்று அவரே கொடுத்துவிடுகிறார். பயம் வந்தால் அவருக்குக் கோடு நகர்ந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு இரண்டு பேராக ஆடுபவர்களிடம் இன்னொன்று பார்த்தேன். பந்து விழுந்ததும் அவர்கள் கோட்டைப் பார்ப்பதில்லை. ஜோடியின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

நாமும் அன்றைக்கு அப்படித்தான் பார்த்துக்கொண்டோம். இரண்டு வருஷத்துக்கு முந்தின மாநில இறுதி ஆட்டம், மூன்றாவது செட். அவர்களுக்கு இருபது, நமக்குப் பத்தொன்பது. பந்து உயரமாகப் பின்கோட்டுக்கு வந்தது. நான் பின்னால் இருந்தேன். நீ வலைக்குப் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்து, "விடு" என்று கத்தினாய். நான் விட்டேன். பந்து உள்ளே விழுந்தது. ஆட்டம் போனது. நமக்குப் பயிற்சி கொடுத்த பாலகிருஷ்ணன் சார் ஓடி வந்து என்ன நடந்தது என்று கேட்டார். விளையாட்டுப் பள்ளிக்கு ஆள் எடுக்க வந்த அம்மாவும் அவர் பக்கத்திலேயே நின்றார். நீ சொன்னது எனக்கு இன்னும் அப்படியே கேட்கிறது. "நான் அடிக்கத்தான் சொன்னேன் சார். ஒண்ணு விடுன்னேன். அவளுக்குப் புரியல."

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போதே நாம் பேசி வைத்தது அது. 'போடு' என்றால் அடிக்க வேண்டும். 'விடு' என்றால் அடிக்கக் கூடாது.

ஏன் அப்படிச் சொன்னாய்? பதில் எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை.

லோகேஸ்வரி

*

விளையாட்டுப் பள்ளி விடுதி
ஜொகூர்
6 ஜூலை 2025

லோகேஸ்,

நீயா இவ்வளவு எழுதினாய் என்று கையெழுத்தை இரண்டு தடவை பார்த்தேன்.

இப்போது கேட்கிறாய். அன்றைக்குச் சார் கேட்டபோது நீ என் பக்கத்தில்தானே நின்றாய்? 'இல்ல சார், அவ விட்டுடத்தான் சொன்னா' என்று ஒரே ஒரு வரி. மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லியிருக்கலாம். நீ தரையைப் பார்த்தாய். வேனில் வரும்போதும் பேசவில்லை. மறுநாள் பள்ளியிலும் பேசவில்லை. நீ ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஒன்று திட்டியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். நான் உன் வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் நீ கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய்.

'விடு' என்றால் அடி என்று நம் எஸ்டேட்டில் அர்த்தமே இல்லையா? உன் அப்பாவே எத்தனை தடவை உன் தம்பியைப் பார்த்து, "செவுள்ல ஒண்ணு விட்டேன்னா தெரியும்" என்று கத்தியிருக்கிறார். சாரும் அதைக் கேட்டு வளர்ந்தவர்தான். அதனால்தான் நம்பினார்.

இங்கே எங்கள் பிரிவில் தமிழ் பேச நான் ஒருத்திதான். கோர்ட்டில் 'லீவ்' என்று கத்துகிறோம். அதற்கு ஒரே அர்த்தம், சண்டை வராது. ஆனால் தமிழில் எழுத உட்கார்ந்தால் விடுதி, விடுமுறை, விடுப்பு என்று எங்கே திரும்பினாலும் அந்தச் சொல் வந்து நிற்கிறது. இந்தப் பக்கத்திலேயே எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்.

நீ பார்த்தது உண்மைதான். என்னால் எந்தப் பந்தையும் விட முடியவில்லை. போன மாதம் ஒரே ஆட்டத்தில், வெளியே போக வேண்டிய பதினொரு பந்தை அடித்தேன். பயிற்றுநர் அதைப் படம் எடுத்து எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டினார். என் ஜோடி ஃபாரா நல்ல பெண். 'லீவ், லீவ்' என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். காது கேட்கிறது, கை கேட்க மாட்டேன் என்கிறது. ஆகஸ்ட் கடைசியில் எங்களுக்கு மதிப்பீடு. இப்படியே போனால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். அம்மாவிடம் சொல்லாதே.

உன்னால்தான் என் படிப்பு போனது, ஆட்டம் போனது என்று எழுத வந்தாய் என்றால் நேராகவே எழுது. சன்னாசி மாமா கதையெல்லாம் எனக்கு வேண்டாம்.

(சன்னாசி மாமா பற்றி எழுதியதை ஃபாராவுக்கு மலாயில் சொன்னேன். அவளுடைய அப்பாவும் அப்படித்தானாம்.)

துளசி

*

ஈஜோக்
15 ஜூலை 2025

துளசிக்கு,

நேராக எழுத எனக்குத் தெரியாது. இந்தத் தடவையும் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும், பொறுத்துக்கொள்.

ரவாங்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் சேது என்பவரும் அவர் மனைவி சந்திரிகாவும் ஆட வருகிறார்கள். அவர் முன்னால் நின்றுகொண்டு பின்னால் இருக்கிற மனைவிக்குக் கட்டளை போட்டுக்கொண்டே இருப்பார். "அடி. விட்டுடு. நகரு." அந்த அக்கா சொன்னபடி செய்வார். தப்பானால் சேது, "ஒனக்கே தெரிய வேணாமா?" என்று கேட்பார். எனக்கு அந்த அக்காவைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

போன ஞாயிறு அவர் விடச் சொன்னார், பந்து உள்ளே விழுந்தது. அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். அந்த அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே நிதானமாகச் சொன்னார். "நீங்க சொல்லலேன்னாலும் விட்டிருப்பேங்க. கை வலிக்குது. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு." பக்கத்துக் கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சேதுவும் சிரித்துவிட்டார்.

நான் மட்டும் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

துளசி, நீ 'விடு' என்று கத்துவதற்கு முன்னாலேயே நான் விட்டுவிட்டேன்.

அந்தப் பந்து மேலே இருக்கும்போதே, அது உள்ளேதான் விழும் என்று எனக்குத் தெரிந்தது. கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே. எனக்கு நேரமும் இருந்தது. மட்டையைத் தூக்கினேன். அடித்தால் வலையில் போய் விழும் என்று தோன்றியது. முந்தின இரண்டு பந்தையும் நான் வலையில்தான் அடித்திருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்றாவதும் வலையில் விழுந்தால் அது முழுக்க என் தப்பு. அடிக்காமல் இருந்தால், வெளியே போகும் என்று நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கையைத் திட்டுவதுபோல் யாரும் கண்ணைத் திட்டுவதில்லை. இவ்வளவையும் நான் யோசித்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஒரு நொடிகூட ஆகியிருக்காது. ஆனால் யோசித்தேன். மட்டையை இறக்கினேன். அதன் பிறகுதான் உன் குரல் வந்தது.

உன் குரல் வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பந்து தரையைத் தொடுவதற்குள் நிம்மதி வந்துவிட்டது. அதை நினைத்தால்தான் இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சார் கேட்டபோது நான் வாயைத் திறக்காததற்கும் இதுதான் காரணம். எல்லாரும், பாவம், கூச்ச சுபாவம் என்றார்கள். கூச்சம் இல்லை. 'அவ விடச் சொன்னா' என்று சொன்னால், 'ஒனக்குக் கண்ணு இல்லையா' என்று அடுத்து கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலுக்குத்தான் பயந்தேன்.

பிறகு வகுப்பில் யாருடைய பேனா கீழே விழுந்தாலும், "விடு லா, விடு" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள். செல்வா அதைப் பாட்டாகவே பாடுவான். ஒரு நாள் காலையில் பள்ளிப் பேருந்து வந்து நின்றது, நான் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. அதற்கும் உன்னைத்தான் காரணம் என்று வைத்துக்கொண்டேன். அப்பா இன்றைக்கும் காப்பிக் கடையில், "எம்மவ காதுல கேட்டதச் செஞ்சா. அந்தப் புள்ளதான் பேச்ச மாத்திடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்கும்போது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் ஒரு தப்பும் செய்யாதவள். இந்த இரண்டு வருஷத்தில் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

உன் ஒரு சொல்லால் அந்த ஆட்டம் போனது என்று நினைத்துக்கொண்டு நீ எல்லாப் பந்தையும் துரத்துகிறாய் என்றால், துரத்தாதே. உன் சொல் பிந்தி வந்தது.

லோகேஸ்வரி

*

விளையாட்டுப் பள்ளி விடுதி
ஜொகூர்
3 ஆகஸ்ட் 2025

லோகேஸ்,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு அவ்வளவு கோபம். கிழித்துப் போட்டிருப்பேன். ஃபாரா வாங்கி அவள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். இரண்டு வாரம் கழித்துத்தான் கொடுத்தாள்.

கோபம் எதற்கு என்று சொல்கிறேன். நான் உனக்குக் கெடுதல் செய்தவள் என்பது எனக்குப் பழகிவிட்டது. அதை வைத்துக்கொண்டுதான் தினமும் ஐந்தரை மணிக்கு எழுந்து ஓடுகிறேன். இங்கே எனக்குக் கிடைத்த படுக்கை, சாப்பாடு, சட்டையில் இருக்கிற பெயர் எல்லாம் உன்னுடையதைப் பறித்தது என்று நினைத்துத்தான் இவ்வளவு கஷ்டப்பட்டேன். நீ வந்து, என் சொல் பிந்தி வந்தது என்கிறாய். அப்படியென்றால் நான் எதற்காக இரண்டு வருஷம் செத்தேன்?

ஆனால் நான் சொன்னதும் பொய்தான். நீ எழுதிவிட்டாய், இனி எனக்கும் வழியில்லை.

நான் விட்டுவிடத்தான் சொன்னேன். வெளியே போகும் என்று நிச்சயமாக நினைத்தேன். என் கணிப்பு தப்பு, அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மா கையில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு நின்றார். சார், "யாருடா விடச் சொன்னது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே அந்தச் சொல் இருந்தது. விடு. அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தோன்றியது. தோன்றிய மறு நொடி என் வாய் பேசிவிட்டது. அந்த அம்மா ஏதோ எழுதினார். என்னைப் பற்றித்தான் நல்லதாக எழுதுகிறார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உனக்கு வந்த நிம்மதி மாதிரிதான்.

அதற்குப் பிறகு ஒரு பந்தை விட வேண்டும் என்றால், யாரோ பின்னால் நின்று 'யார் விடச் சொன்னது' என்று கேட்கிற மாதிரி இருக்கும். அடித்துவிட்டால் யாரும் கேட்பதில்லை.

போன வியாழக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் ஒரு பந்தை விட்டேன். ஃபாரா எதுவும் கத்தவில்லை, நானாகத்தான் விட்டேன். உள்ளே விழுந்தது. புள்ளி போனது. ஃபாரா திரும்பிப் பார்த்து, மூக்குக் கண்ணாடி வாங்கித் தரட்டுமா என்று கேட்டாள். அடுத்ததையும் விட்டேன். அது வெளியே போனது. கோர்ட்டில் நின்றுகொண்டே அழுகை வந்துவிட்டது, வியர்வை என்று துடைத்துக்கொண்டேன். மதிப்பீட்டில் என்ன ஆகும் என்று தெரியாது.

பாலகிருஷ்ணன் சாருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். சார் இப்போது சுங்கை சோவில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறாராம், அம்மா சொன்னார். நான் சொன்னது பொய், நான் விடத்தான் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். உன்னைத் தேடி வந்தாலும் வருவார்.

நீ செய்ததை அவருக்கு நான் எழுதவில்லை. மறைத்துவைப்பதற்காக இல்லை. அது உன்னுடையது. நீ யாரிடமும் சொல்லாவிட்டாலும் என் வழியாக வெளியே வராது.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. இங்கே எல்லாவற்றுக்கும் மணி.

துளசி

*

ஈஜோக்
20 ஆகஸ்ட் 2025

துளசிக்கு,

சார் நேற்று முன்தினம் வந்தார். திங்கட்கிழமை, மத்தியானம். மண்டபத்தில் நான் மட்டும் இருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் லீலாவதி அக்கா என்று நினைத்து எழுந்தேன். சார் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். முடி நிறைய நரைத்துவிட்டது. ஆறு கோர்ட்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, தரை சுத்தமாக இருக்கிறது என்றார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நீ எழுதியதைச் சொன்னார். உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டது தன் தப்பு என்றார். ஆனால் என்னைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குரல் மாறியது.

"நீ ஒரு தப்பும் பண்ணல மா. சொன்னதக் கேட்ட. அதுக்குப் போயி பள்ளிக்கூடமே வேணாம்னு ஒக்காந்துட்ட. எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல."

சுங்கை சோ அணியில் பின்கோர்ட்டுக்கு ஓர் ஆள் வேண்டுமாம். அக்டோபரில் போட்டி. வாரத்தில் மூன்று நாள் பயிற்சி, வேன் வந்து ஏற்றிக்கொள்ளுமாம். அப்பாவிடம் தானே வந்து பேசுவதாகச் சொன்னார். நான் இரண்டு வருஷமாக யாரோடும் ஆடவில்லை என்றேன். அது பரவாயில்லை, கை மறக்காது என்றார். "ஒன்னைய மாதிரி சொன்னத நம்பி ஆடுற ஆளுதான் எனக்கு வேணும்" என்றார்.

நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. அவர் தப்பாக ஒன்றும் நினைக்கப்போவதில்லை, நீயும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எழுதிவிட்டாய். அந்த வேனில் நான் ஏறிப்போகிற மாதிரிகூட எனக்குத் தெரிந்தது. அதோடு, அந்த வேனில் ஒவ்வொரு நாளும் அவர் என்னைப் பார்த்து, பாவம் இந்தப் பிள்ளை என்று நினைப்பார் என்பதும் தெரிந்தது.

முதல் தடவை வாய்க்குள்ளேயே சொன்னேன். அவர் என்ன என்று குனிந்து கேட்டார். மறுபடி சொன்னேன்.

"அது உள்ள விழும்னு எனக்குத் தெரியும் சார்."

எது என்று கேட்டார்.

"அந்தப் பந்து. துளசி சொல்றதுக்கு முந்தியே மட்டைய எறக்கிட்டேன். அடிக்கப் பயமா இருந்துச்சு."

சார் முகத்தை நான் பார்க்கவில்லை. வழக்கம்போல் தரையைப் பார்த்துவிடக் கூடாது என்று எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லோரி ஒன்று போனது. கூரை அதிர்ந்து நின்றது. அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கேட்டார். வலையில் போயிருக்கும் என்று நினைத்தேன் என்றேன்.

"நெனச்ச," என்றார்.

"ஆமா சார்."

வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உன் கடிதத்தை எடுத்து ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். அப்பாவுக்கு இது தெரியுமா என்று கேட்டார். இன்னும் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன் என்றேன். சொன்னேன், துளசி. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியிலேயே எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனார். நேற்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. இன்று காலையில் காப்பி கேட்டார்.

ஆனால் அது பிறகு நடந்தது. மண்டபத்தில் சார் ரொம்ப நேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி முகப்பு மேசையில் வைத்தார். வாடகைக்கு விடுகிற மட்டைகளில் ஒன்றை எடுத்து, நரம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் கோர்ட்டின் அந்தப் பக்கம் போய் நின்றார். என்னைக் கூப்பிடவில்லை.

நான் சிலிப்பரைக் கழற்றிவிட்டு, இன்னொரு மட்டையை எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் பின்கோட்டில் போய் நின்றேன்.

லோகேஸ்வரி